ஊர்சுற்றி இருக்கும் இடம்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு நொதிக்கு ஊர்சுற்றி என்று பெயர். பெயர் வைத்தவள் என் மனைவி. அதன் நிஜப் பெயரைச் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் ஒரு தடவை மூச்சு வாங்க வேண்டும். அதற்கு இது எவ்வளவோ மேல். ஃபோலேட் என்கிற சத்தைக் கையாளும் நொதிகளில் அதுவும் ஒன்று. ஃபோலேட் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கீரையில் இருப்பது, கர்ப்பிணிகளுக்கு டாக்டர் மாத்திரையாக எழுதிக் கொடுப்பது. உடம்புக்கு நல்லது என்று தெரிந்ததும் மற்றவர்கள் விட்டுவிடுவார்கள். நாங்கள் மட்டும் அதைக் கையாளும் நொதிகள் செல்லுக்குள் எந்த அறையில் இருக்கின்றன என்று பதினாலு வருஷமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பக்கத்து வீட்டு ஜன்னலை இப்படி எட்டிப் பார்த்தால் உதை விழும். செல் என்பதால் சம்பளம் கொடுக்கிறார்கள்.

ஃபோலேட் வேலை செல்லுக்குள் மூன்று இடங்களில் நடக்கிறது. கூடம் மாதிரி விரிந்து கிடக்கும் சைட்டோபிளாசத்தில், மைட்டோகாண்ட்ரியா என்கிற சின்னச் சின்ன உள்ளறைகளில், பிறகு உட்கருவுக்குள். கூடத்திலும் மைட்டோகாண்ட்ரியாவிலும் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்கிற நொதிகள் தனித்தனியாக உண்டு, ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு வைத்துக்கொண்ட அண்ணன் தம்பி போல. ஒருவர் ஃபோலேட்டை இன்னொருவருக்குச் சுலபத்தில் கொடுத்துவிட மாட்டார். சில்லறைச் சரக்குகள் மட்டும் சுவரைத் தாண்டிப் போய்வரும். எங்கள் ஊர்சுற்றி பெரும்பாலும் கூடத்தில் இருப்பது. செல் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது கொஞ்சம் உட்கருவுக்குள் போகும். ஃபோலேட்டுக்குப் பஞ்சம் வந்தாலோ நிறையவே உள்ளே போய்விடும். டி.என்.ஏ.வுக்கு வேண்டிய ஓர் எழுத்தை உட்கருவில் தயாரிக்க அது கைகொடுக்கிறது. அந்த எழுத்து கிடைக்காவிட்டால் டி.என்.ஏ. உடையத் தொடங்கும். அதனால் கையிருப்பு குறைகிறபோது செல் மற்றச் செலவுகளைத் தள்ளிப்போட்டு, இருப்பதை உட்கருவில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இதைக் கண்டுபிடித்தது நாங்கள் இல்லை, வேறு ஆட்கள். ஒரு புற்றுநோய் மருந்தைக் கொடுத்தால் ஊர்சுற்றி எங்கே போகிறது என்பதுதான் எங்கள் கேள்வி.

செல் வளர்ப்பது என் வேலை. அந்தச் செல்களைப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. அவளுக்கு வேறு ஊரில், இரண்டு விமானம் மாறிப் போகவேண்டிய ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்துப் போய் ஒரு வருஷமாகிறது. ஆனாலும் எங்கள் மேடம் அவளை விடவில்லை. மேடம் என்றால் எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைவி. கண்ணாடியைத் தலைமேல் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிற ரகம், ஆனால் அடுத்தவர் வேலையில் ஒரு புள்ளி பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார். இந்தக் கட்டுரை முடியும்வரை அவள் கண்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆகவே நான் செல்களுக்குச் சாயமேற்றிப் படமெடுப்பேன். உட்கரு நீலமாகத் தெரியும், ஊர்சுற்றி பச்சையாக ஒளிரும். எந்தப் படம் மருந்து கொடுத்தது, எது கொடுக்காதது என்பதை மறைத்து, வெறும் எண் போட்டு அவளுக்கு அனுப்புவேன். எண்ணுகிறவருக்கு அது தெரியக் கூடாது. தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைப் பார்த்துவிடும். அவள் பச்சை உள்ளேயா வெளியேயா என்று ஒவ்வொரு செல்லாகப் பார்த்துக் குறித்துத் திருப்பி அனுப்புவாள்.

சொன்னால் சிரிப்பீர்கள். அந்தப் படங்களை அனுப்பும் நேரத்துக்காக நான் நாள் முழுக்கக் காத்திருப்பேன். இப்போது அவள் இதைப் பார்த்துக்கொண்டிருப்பாள், இந்த மூலையில் இருக்கும் கோணல் செல்லைப் பார்த்து உதட்டைச் சுழிப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். புதிதாகக் கல்யாணமானவனுக்கு இருக்க வேண்டிய கிறுக்கு, நாற்பத்திரண்டு வயதில் எனக்கு வந்திருந்தது. கூட இருந்தபோது அவள் பேசப் பேச செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தவன்தான் நான். இப்போது அவள் அனுப்பும் எண்களைக்கூட இரண்டு தடவை படித்தேன்.

அந்த நிறுவனத்தில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவள் அதை என்னிடமும் தன் அம்மாவிடமும் சொல்லி ஒரு மாதமாகியிருந்தது. 'வேண்டாம், வந்துவிடு' என்ற ஒரு வாக்கியத்தை நான் அந்த மாதம் முழுக்க வாயில் வைத்துக்கொண்டு திரிந்தேன். துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

வீட்டில் நானும் என் மாமியாரும்தான். மனைவி இல்லாத வீட்டில் மாமியாரோடு குடித்தனம் நடத்துகிறவன் உலகத்தில் நான் ஒருத்தன்தான் என்று ஆய்வுக்கூடத்தில் கேலி செய்வார்கள். அத்தை அப்படி ஒன்றும் தொந்தரவான ஆள் இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த நெருக்கடியிலும் குரல் மட்டும் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி மடிப்புக் கலையாமல் இருக்கும். என்னை அவர் மாப்பிள்ளை என்பதற்குமேல் ஒன்றும் சொல்லி அழைத்ததில்லை. அந்த ஒரு வார்த்தையிலேயே பாராட்டு, திட்டு, சந்தேகம் எல்லாவற்றையும் வைத்துவிடுவார்.

அவர் விழுந்தது ஒரு மத்தியானம். சமையலறையில் பல்பு மாற்றுகிறேன் பேர்வழி என்று முக்காலிமேல் ஏறியிருக்கிறார். நான் அப்போதுதான் குளிர்ப்பெட்டியிலிருந்து மீடியம் பாட்டிலை வெளியே எடுத்தேன். மீடியம் என்பது செல்களுக்கான தீனி, இளஞ்சிவப்புத் தண்ணீர். போன் அடித்தது. "மாப்பிள்ளை, அவசரம் ஒண்ணுமில்ல. கை மணிக்கட்டு கொஞ்சம் வேற பக்கமா திரும்பியிருக்கு. முடிஞ்சா வாங்க" என்றார் அத்தை. நான் அந்த வாக்கியத்தின் பின்பாதியைக் கேட்டதும் ஓடினேன்.

மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. வலது கைக்கு முழங்கைவரை மாவுக்கட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியிலேயே அத்தை தீர்மானம் போட்டுவிட்டார், அவளிடம் சொல்லக் கூடாது என்று. சொன்னால் பதறிக்கொண்டு ஓடி வருவாள், நல்ல வாய்ப்பைக் கைவிட்டுவிடுவாள், அப்புறம் காலம் பூராவும் அம்மாவால்தான் கெட்டது என்று மனசுக்குள் நினைப்பாள் என்றார். நான் பேச்சுக்குக்கூட மறுக்கவில்லை. எனக்கு அவள் ஓடி வர வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் ஒரு கிழவியின் உடைந்த எலும்பைக் காட்டிப் பெண்டாட்டியை வரவழைப்பதா என்று ஒரு வீம்பு. வந்தால் எனக்காக வரட்டும், அதையும் நான் கேட்காமலே வரட்டும் என்று நினைத்தேன். நினைப்பதற்கு என்ன, யார் வேண்டுமானாலும் நினைக்கலாம்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தினமும் ஒரு நாடகம் நடந்தது. வீடியோவில் அவள் வரும் நேரத்துக்கு முன்னால் அத்தை சால்வையைப் போர்த்திக்கொள்வார். கட்டுப் போட்ட கை உள்ளே போய்விடும். நான் சமையலறை அலமாரியை மறைக்கும்படி அதற்கு முன்னால் நாற்காலியைப் போட்டு போனைச் சாய்த்து வைப்பேன். குளிருதாம்மா என்று அவள் கேட்டால், வயசாகுதில்ல என்பார் அத்தை. எப்படி இருக்கீங்க என்று என்னைக் கேட்பாள். அம்மா பக்கத்தில் இருந்தால் என்னை நீங்க என்பாள், இல்லாவிட்டால் நீ. இங்க ஒரு குறையும் இல்ல என்பேன். முப்பது வருஷம் அடுத்தவர் பேச்சை இணைத்துக் கொடுத்த அத்தை எங்கள் பேச்சுக்கு நடுவில் ஒரு விரிசலும் விழாமல் பார்த்துக்கொள்வார். அவள் முகம் மறைந்ததும் திரை கருப்பாகும். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்போம். பிறகு அத்தை, "மாப்பிள்ளை, உலையை வைங்க" என்பார்.

சமையல் என் தலையில் விழுந்திருந்தது. செல்லுக்கு வேளை தவறாமல் தீனி போடத் தெரிந்த எனக்கு மனுஷனுக்குப் போடத் தெரியாது. எந்த டப்பாவில் என்ன இருக்கிறதென்று அத்தைக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். எனக்கு மூக்கை நுழைத்தாலும் தெரியாது. சர்க்கரை என்று நினைத்து உப்பைப் போட்ட காபியை அத்தை ஒரு வார்த்தை பேசாமல் முழுக்கக் குடித்து முடித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் ஆய்வுக்கூடத்திலிருந்து மஞ்சள் டேப் சுருள் ஒன்றை எடுத்து வந்தேன். அத்தை சொல்லச் சொல்ல எழுதி, எல்லா டப்பாவிலும் ஒட்டினேன். உப்பு, சர்க்கரை, மிளகு, துவரம்பருப்பு. எனக்கு வீடு பிடிபட்டது.

அங்கேதான் வம்பு தொடங்கியது. ஆய்வுக்கூடத்தில் மஞ்சள் டேப்புக்கு ஓர் அர்த்தம் உண்டு. அந்த விதியைப் போட்டவளும் என் மனைவிதான். ஃபோலேட் இல்லாத மீடியமும் சாதாரண மீடியமும் ஒரே நிறம், ஒரே மாதிரி பாட்டில். மாறிப்போகாமல் இருக்க, ஃபோலேட் இல்லாத பாட்டிலின் கழுத்தில் மஞ்சள் டேப் சுற்றியிருக்கும். தொடாதே என்று அதற்குப் பொருள். பஞ்சப் பரிசோதனை செய்யும்போது மட்டும்தான் அதை எடுப்போம். பதினாலு வருஷமாக என் கை அந்த மஞ்சளைக் கண்டால் தானாக விலகும்.

போன் வந்த அன்று அவசரத்தில் எந்தப் பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தேனோ தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நாள்தோறும் காலையில் வீட்டில் மஞ்சள் டேப்பைப் பார்த்துப் பார்த்து உப்பும் பருப்பும் எடுத்துவிட்டு, அதே கண்ணோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்து, மஞ்சள் டேப் போட்ட பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து ஊற்றியிருக்கிறேன். பதினாலு வருஷம் எச்சரிக்கையாக இருந்த நிறம், சில நாளில் எனக்கு வீட்டு நிறமாகிவிட்டது. செல்கள் மெதுவாக வளர்ந்தன. இரண்டு நாளில் நிறைய வேண்டிய தட்டு நாலு நாளானது. செல்களைக் கதகதப்பாக வைத்து வளர்க்கும் பெட்டியான இன்குபேட்டரைச் சந்தேகப்பட்டேன். மெக்கானிக்கை வரவழைத்து அவனோடு சண்டையும் போட்டேன். பாவம், அவன் இன்குபேட்டர் சரியாக இருக்கிறதென்று தலையிலடித்துச் சொன்னான்.

வியாழக்கிழமை வீடியோவில் அவள் வழக்கத்தைவிட மெல்லப் பேசினாள். நாளைக்கு அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள். எப்போது வெட்டினாய் என்று கேட்க வாயெடுத்தேன். தெரியாமல் போனதே என்று தோன்றியதும் கேட்கவில்லை.

"என்ன பண்ணட்டும்? சொல்லுங்க" என்றாள்.

அத்தை சால்வையை இழுத்துக்கொண்டார். அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. "இங்க ஒரு குறையும் இல்ல. நீ நிம்மதியா உன் வேலையப் பாரு" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தாள். சரி என்றாள். அன்று அத்தை உலையை வைக்கச் சொல்லவில்லை. பசியில்லை என்று போய்ப் படுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை அவளிடமிருந்து இரண்டே வார்த்தையில் செய்தி வந்தது. கையெழுத்துப் போட்டாச்சு. நான் வாழ்த்துகள் என்று பதில் அனுப்பினேன். அனுப்பிவிட்டு இன்குபேட்டர் அறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். இரண்டு வருஷம். என் வயதுக்கு இரண்டு வருஷம் பெரிதில்லை என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. அவள் வேண்டும். அவள் குரல் பக்கத்து அறையிலிருந்து, போனிலிருந்து அல்ல, வர வேண்டும். குளியலறையில் அவள் ஈரத்துண்டைப் போட்ட இடத்திலேயே போட்டுவிட்டுப் போக வேண்டும், நான் கத்த வேண்டும். இதையெல்லாம் எந்த மடையனாவது ஒரு குறையுமில்லை என்று சொல்வானா? சொன்னேன். அன்றைக்கு மனம் ஓரிடத்தில் நிற்காததால் படங்களை ஒருமுறை பார்க்காமலே மறைக்க வேண்டியதை மறைத்து, எண் போட்டு, அந்த வாரத்துப் படங்கள் மொத்தத்தையும் அவளுக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை முற்பகல் ஆய்வுக்கூடத்துப் போனில் கூப்பிட்டாள். படம் பற்றிப் பேசுவதென்றால் அந்தப் போனில்தான் கூப்பிடுவாள்.

"இந்த வாரம் எல்லாத் தட்டுக்கும் மருந்து கொடுத்துட்டியா?"

பாதிக்குக் கொடுத்தேன், பாதிக்கு இல்லை, எப்போதும் போலத்தான் என்றேன்.

"ஆனா எல்லாப் படத்துலயும் பச்சை உள்ள இருக்கு. ஒண்ணு விடாம. மருந்து கொடுத்தது, கொடுக்காதது எல்லாத்துலயும் ஊர்சுற்றி உட்கருவுக்குள்ள அடைஞ்சு கிடக்கு. எந்த மருந்தும் இப்படிப் பண்ணாது. இது பட்டினி. என்ன மீடியம் ஊத்தின?"

வழக்கமான மீடியம்தான் என்றேன், கொஞ்சம் சூடாகவே. பதினாலு வருஷத்தில் ஒரு தடவை மாற்றி ஊற்றியிருக்கிறேனா என்றும் கேட்டேன்.

"போய்ப் பாரு. நான் லைன்ல இருக்கேன்."

போனை மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிர்ப்பெட்டியைத் திறந்தேன். பாதி தீர்ந்த பாட்டில் முன்னாலேயே இருந்தது. கழுத்தில் மஞ்சள் டேப். பக்கத்தில் சாதாரண மீடியம் பாட்டில்கள் உடைக்காத சீலோடு வரிசையாக நின்றன. நான் அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு அது உப்பு டப்பா மாதிரியே இருந்தது.

திரும்பி வந்து சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"ஃபோலேட் கையிருப்பு ஒரு நாள்ல தீராது. இந்த அளவுக்கு உள்ள போகணும்னா மூணு வாரமாவது ஆகியிருக்கும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மூணு வாரத்துக்கு முன்னால வீட்ல என்ன நடந்தது?"

நான் போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"வியாழக்கிழமை பின்னால அலமாரி தெரிஞ்சுது. டப்பால எல்லாம் மஞ்சள் டேப். அம்மாவுக்கு எதுக்கு டேப்? நீ சமைக்கிற. ஏன் நீ சமைக்கிற? அம்மா ஏன் எப்பவும் போர்த்திக்கிட்டு உக்காந்திருக்காங்க?"

ஒரு நொதி எங்கே இருக்கிறதென்று பார்த்து என் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிட்டாள். வேறு எவள் புருஷனும் இப்படி மாட்டிக்கொண்டிருக்க மாட்டான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். முக்காலி, மணிக்கட்டு, மாவுக்கட்டு, உப்புக் காபி. கடைசியில், டிக்கெட் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மேடத்திடம் போய் நடந்ததைச் சொன்னேன். தலைமேல் இருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். மூன்று வார வேலை குப்பைக்குப் போகிறது என்பதை அவர் சொல்லாமலே முகம் சொன்னது. எல்லாவற்றையும் மறுபடி செய்யுங்கள் என்றார். நான் கதவருகே போனபோது, வீட்டில் உடம்பு சரியில்லை என்றால் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, நாங்கள் என்ன அந்நியர்களா என்று கேட்டார். அவளும் இதையேதான் கேட்காமல் கேட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் விடுப்பில் அவள் வந்தாள். வாசலில் அவளைப் பார்த்ததும் அத்தை, எல்லாம் தெரிந்துவிட்டதென்று தெரிந்திருந்தும், சட்டென்று சால்வையை இழுத்துக் கையை மூடிக்கொண்டார். பழக்கதோஷம். அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அம்மாவிடம் போய்ச் சால்வையை விலக்கினாள். மாவுக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அதில் நான் மஞ்சள் டேப்பில் 'வலது கை' என்று எழுதி ஒட்டியிருந்தேன், அத்தையைச் சிரிக்கவைக்க. அவள் அதைப் படித்துவிட்டு ஒரே நேரத்தில் அழவும் சிரிக்கவும் செய்தாள்.

அடுத்த சில நாட்கள் வீட்டில் ஈரத்துண்டு கண்ட இடத்தில் கிடந்தது. நான் கத்தவில்லை. எடுத்துக் காயப்போட்டேன்.

போவதற்கு முந்தின நாள் அவளை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். பட்டினி கிடந்த செல்களில் ஒரு தட்டைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தேன். தெரிந்த அன்றிலிருந்து அதற்கு ஒழுங்கான மீடியம் ஊற்றி வந்தேன். அதிலிருந்து புதிதாகச் சாயமேற்றிய ஒரு கண்ணாடிச் சில்லை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். அந்த அறையில் விளக்குப் போடக் கூடாது. இரண்டு நாற்காலி போட்டால் முழங்கால் இடிக்கும். அவள் கண்ணை வைத்துப் பார்த்தாள். நான் அவள் பிடரியில் ஒட்ட வெட்டிய முடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெளிய வந்துடுச்சு. பசி ஆறிடுச்சு போல" என்றாள். எனக்கும் காட்டினாள். நீல உட்கருக்கள் வெறுமையாக இருந்தன. பச்சை கூடமெங்கும் சாவகாசமாகப் பரவிக் கிடந்தது.

அவள் கண்ணை எடுக்காமலே பேசினாள். "வெள்ளிக்கிழமை காலைல பேனா மூடியத் திறக்காம ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். நீ கூப்பிடுவேன்னு நினைச்சேன். வேணாம் வான்னு ஒரு வார்த்தை சொன்னா பேனாவ எடுத்து உள்ள வச்சுடலாம்னு இருந்தேன். நீ சொல்லல. சரி, நான் இல்லாமலே அங்க எல்லாம் நடக்குதுன்னு போட்டேன்."

"உனக்கு இடைஞ்சலா இருக்கக் கூடாதுன்னுதான்."

"இடைஞ்சலா இருந்தா நான் என்ன செத்தா போயிடுவேன்? இந்தச் செல்லுக்குக் குறைன்னா ஊர்சுற்றி உள்ள போயிருது. எனக்குப் பார்த்தாலே தெரியுது. உன் மூஞ்சியப் பார்த்து எனக்கு ஒண்ணும் தெரியல. அப்படி மறைச்சு வச்சிருந்த."

கையெழுத்தை வாபஸ் வாங்க முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றாள். அவள் இடத்துக்கு வரவிருந்த ஆளை அவர்கள் அன்றைக்கே வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். அவள் பேரில் புதிதாக இரண்டு பேரை வேலைக்கு எடுத்துவிட்டார்கள். இனி கைவிட்டால் அவர்கள் பிழைப்பும் போகும். நான் தலையாட்டினேன், இருட்டில் யாருக்குத் தெரியும் என்றுகூட யோசிக்காமல். அவள் மைக்ராஸ்கோப்பை விட்டுவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள். அவள் இன்னும் போகவில்லை. என் பக்கத்தில்தான் இருந்தாள். அப்போதே எனக்கு அவளைத் தேடியது.

மறுநாள் போய்விட்டாள். வாசலில் அத்தை, போய்ட்டு வா என்றார். குரலில் முதல்தடவையாக மடிப்புக் கலைந்திருந்தது.

அவள் போய்ச் சேர்ந்த மறுநாள், மாவுக்கட்டைப் பிரித்தார்கள். அத்தையின் கை வெளுத்து இளைத்திருந்தது. வீடியோவில் வழக்கமான நேரத்துக்கு அவள் வந்தாள். சால்வை கொக்கியில் தொங்கியது. நாற்காலியை நான் அலமாரிக்கு முன்னால் போடவில்லை. அத்தை கையைத் தூக்கி இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கச் சொல்லி அவள் பார்த்தாள். மருந்து, பயிற்சி, அடுத்து எப்போது டாக்டரிடம் போக வேண்டும் என்பதெல்லாம் பேசி முடித்தார்கள். பிறகு அத்தை தலையைத் திருப்பி என்னைப் பார்த்துவிட்டு, எழுந்து போகலாமா இருக்கலாமா என்று தயங்கி, உட்கார்ந்தே இருந்தார்.

"நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டாள்.

ஒரு குறையும் இல்லை என்பது பழக்கத்தில் பாதி வெளியே வந்துவிட்டது. நிறுத்தினேன். அவள் காத்திருந்தாள். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ இல்ல" என்றேன்.

திரையில் அவள் முகம் அசையாமல் இருந்தது, இணைப்புப் போய்விட்டதோ என்று பயந்தேன். அவள் கையை நீட்டித் திரையைத் தொட்டாள். அங்கே அது என் கன்னமாக இருக்கும், இங்கே எனக்குக் கருப்பாக ஒரு விரல் மட்டும் தெரிந்தது.

"இங்கயும் நீ இல்ல" என்றாள்.